குங்கிலியத்துக்குள் விழுந்த வெயில்

பெண் பார்க்கப் போன அன்றே என்னிடம் சொல்லிவிட்டார்கள். பெண் பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு ஆராய்ச்சி செய்கிறாள், கல்யாணத்துக்குப் பிறகும் செய்வாள். சொன்னவர் அவளுடைய அப்பா. தெற்கேயிருந்து வந்து ராயபுரத்தில் துறைமுகத்தை ஒட்டிய தெருவில் கடை போட்டிருந்தார். படகுக்காரர்களுக்கு வேண்டிய கயிறு, பாய்த்துணி, குங்கிலியம் எல்லாம் மொத்தமாக விற்கிற கடை. மகளின் படிப்பைச் சொன்னபோது, சரக்கில் இருக்கிற குறையை முன்கூட்டியே சொல்லிவிடும் வியாபாரியின் முகம் அவருக்கு.

நான் தண்டையார்பேட்டையில் ஓர் இன்ஜினீயரிங் பட்டறையில் டிராப்ட்ஸ்மன். பள்ளிக்கூடத்துக்கு மேல் நான் கற்றுக்கொண்டது இயந்திரப் படம் வரைய மட்டும்தான். நம்மைவிட அதிகம் படித்த பெண் வேண்டாம் என்று என் உறவுக்காரர்கள் இழுத்தார்கள். நான் சரி என்றேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை. காப்பி கொண்டுவந்தவள் என் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்த செட்ஸ்கொயரைப் பார்த்து, அது செல்லுலாய்டா என்று கேட்டாள். ஆமாம் என்றதும், பிறகு ஒருநாள் அதை இரவல் தர முடியுமா என்றாள். பெண் பார்க்க வந்தவனிடம் யாரும் அப்படி எதுவும் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை.

அப்போது சுதந்திரம் வந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். கல்யாணம் ஆன சில வாரங்களில் என்னையும் செட்ஸ்கொயரையும் தன் கல்லூரி இருட்டறைக்கு அழைத்துப் போனாள். சுவரில் ஒரு சிறு துளை வழியாக வெயில் உள்ளே வந்தது. அந்த வெயில் முதலில் ஒரு கறுப்புக் கண்ணாடித் தகட்டில் சாய்வாகப் பட்டுத் திரும்பியது. திரும்பிய ஒளியின் பாதையில் என் செட்ஸ்கொயரைப் பிடித்துக்கொண்டு, அதற்கு அப்பால் கட்டைவிரல் அளவுள்ள ஒரு படிகத்தின் வழியாகப் பார்க்கச் சொன்னாள். நிகோல் பட்டகம் என்று அதற்குப் பெயர். பார்த்தேன், ஒரே இருட்டு. பிறகு அவள் செட்ஸ்கொயரின் மூலையை விரலால் லேசாக வளைத்தாள். அந்த மூலையிலிருந்து மஞ்சளும் சிவப்பும் நீலமும் பட்டை பட்டையாகப் புறப்பட்டு வந்தன. விரலை எடுத்ததும் வந்த வழியே போய்விட்டன. தினமும் கையில் வைத்துக் கோடு இழுக்கிற பொருளுக்குள் இத்தனை நிறம் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

வெளியே வந்ததும் அவள் சொன்னாள்: "வெளிச்சம் ஒரு பொருளுக்குள்ள போய்ட்டு வரும்போது, உள்ள என்ன நடக்குதுன்னு பார்த்துட்டுதான் வரும். நமக்குக் கேக்கத் தெரிஞ்சா சொல்லும்."

அவள் ஆராய்ந்தது கண்ணாடியை. கண்ணாடி என்றால் ஜன்னல் கண்ணாடி மட்டும் இல்லை. உருகிய நிலையிலிருந்து ஆறும்போது, உப்பு மாதிரியோ கற்கண்டு மாதிரியோ ஒழுங்காக அடுக்கிக்கொள்ளாமல், எப்படிக் கிடந்ததோ அப்படியே இறுகிப்போகிற எல்லாப் பொருளும் அவள் கணக்கில் கண்ணாடிதான். அதை அவள் எனக்குப் புரியவைத்தது கொருக்குப்பேட்டை ரயில் கேட்டில் நின்றபோது. கேட் மூடியதும் சைக்கிள், மாட்டு வண்டி, மூட்டைக்காரன் எல்லாம் எந்த மூலையில் இருந்தார்களோ அங்கேயே நின்றுவிட்டார்கள். பட்டாளமாக இருந்தால் வரிசையாக நிற்கும், அது படிகம், இது கண்ணாடி என்றாள். ஆனால் பாருங்கள், நின்றுவிட்டதாகத் தெரிகிற இந்தக் கூட்டமும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்துகொண்டேதான் இருக்கிறது என்றாள். உண்மைதான். ஒரு சைக்கிள்காரர் அதற்குள் எங்களைத் தாண்டிப் போயிருந்தார். அந்தக் கண்ணுக்குத் தெரியாத நகர்வைத்தான் அவள் வெளிச்சத்தை வைத்துப் பிடிக்கப் பார்த்தாள்.

ஜன்னல் கண்ணாடியில் அதைப் பார்க்க உலை வேண்டும். கல்லூரியில் உலை கிடையாது. நம் ஊர் வெயிலின் சூட்டுக்கே இளகத் தொடங்குகிற கண்ணாடி ஒன்று வேண்டும் என்று தேடியவளுக்குக் கடைசியில் அது அப்பாவின் கடையிலேயே கிடைத்தது. குங்கிலியம். எண்ணெயில் காய்ச்சிப் படகின் பலகை இடுக்கில் பூசுவார்களே, அந்த மரப்பிசின்தான். நல்ல கட்டியாகப் பொறுக்கி, உருக்கி, வடிகட்டி, அச்சில் ஊற்றினால் தேன் நிறத்தில் தெளிவான கட்டை கிடைக்கும். அவள் அப்பாவுக்கு அது பிடிபடவே இல்லை. "இம்புட்டுப் படிச்சதும் நம்ம கடைல கெடக்குற சரக்கத்தானாம்மா உத்துப் பாக்க?" என்று கேட்டுவிட்டு, மூட்டையைப் பிரித்து நல்ல கட்டிகளாக அவரே பொறுக்கிப் போட்டார்.

கர்ப்பமானதும் கல்லூரி வேலை நின்றது. யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. உதவித்தொகை முடிந்தது, புதுப்பிக்கவில்லை. இருட்டறை வேறொருவருக்குப் போயிற்று. அவளுடைய பேராசிரியர் நல்ல மனிதர், ஆனால் துறை அவர் ஒருவர் கையில் இல்லை. விடைபெறப் போனபோது அவர் மேஜை இழுப்பறையிலிருந்து அந்த நிகோல் பட்டகத்தை எடுத்து, பஞ்சில் சுற்றிக் கொடுத்தார். திருப்பித் தர அவசரமில்லை என்றாராம். வீட்டுக்கு வந்ததும் அவள் அழுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். எங்கள் அறையில் எந்தச் சுவர் கிழக்கே பார்த்தது என்று கேட்டாள்.

நாங்கள் அப்போது ராயபுரத்தில் காசிமேட்டை ஒட்டி ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். இரண்டு அறை, கிழக்குப் பக்கம் அவற்றை ஒட்டி மொட்டை மாடி. வீட்டுக்காரம்மா கீழே இருந்தார். அவர் கணவர் கடலுக்குப் போகிறவர். அந்த அம்மா மீன் வாங்கி விற்பார், மிஞ்சியதை மொட்டை மாடியில் உப்புப் போட்டுக் காயவைப்பார். நாங்கள் அவரை அக்கா என்று கூப்பிட்டோம். மகள் பிறந்து தலை நின்ற பிறகு, கிழக்கு அறையின் ஜன்னலுக்குப் பலகை அடித்து, நடுவில் துளை போட அக்காவிடம் அனுமதி கேட்டோம். துளைக்குள் வெயிலைத் திருப்பிவிட மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும் வைக்க வேண்டும்.

அக்காவுக்கு ஜன்னலை மூடுவது பிடிக்கவில்லை. "காத்து வர ஜன்னல மூடிகினு வெய்யில உள்ள உடறேன்றியே, இன்னாம்மா இது?" என்றார். ஆனால் கண்ணாடியை வைத்த முதல் நாளே, அதன் பளிச்சுக்குப் பயந்து காக்காய்கள் கருவாட்டுப் பக்கம் வரவில்லை. அதற்கு மேல் ஜன்னல் பேச்சே எழவில்லை.

கருவிகளை நான் வரைந்தேன். கறுப்புக் கண்ணாடித் தகடு என்பது, சாதாரணக் கண்ணாடியின் பின்புறம் விளக்குக் கரி பூசியது. குங்கிலியக் கட்டையைப் பிடித்து மெல்ல வளைத்துவைக்க ஒரு திருகுப் பிடி வேண்டும். அதை எங்கள் பட்டறையில் கடைந்து கொடுத்தார்கள். முதல் பிடி ஆடுகிறது என்றாள். இரண்டாவது கட்டையைக் கடிக்கிறது என்றாள். மூன்றாவதை வாங்கிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். பிடியோடு கட்டையை, இரண்டு பக்கமும் கண்ணாடி பதித்த ஒரு பித்தளைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவாள். தொட்டிக்கு அடியில் மண்ணெண்ணெய்த் திரி விளக்கு. திரியை ஏற்றியும் இறக்கியும் சூட்டை ஒரே அளவில் நிறுத்துவாள்.

அந்த அறையில் நான் பார்த்ததை இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்க முடியும். திருகை முடுக்கியதும் தேன் நிறக் கட்டைக்குள் பச்சை எழும்பும். பிறகு யாரும் தொடாமலே அது நீலமாகும், ஊதாவாகும், சிவப்பாகும், மஞ்சளாகி, வெளுத்து, கடைசியில் இருண்டுபோகும். கட்டை வளைந்தது வளைந்தபடிதான் இருக்கும். ஆனால் தன்னை யாரோ வளைத்ததை அது மெல்ல மெல்ல மறந்துகொண்டிருக்கும். எந்த நிறம் எப்போது மாறுகிறது என்று குறித்துக்கொண்டே வந்தால், அந்த மறதியின் வேகம் தெரியும். வெளியில் பார்த்தால் அசையாத கட்டை. உள்ளே அவ்வளவு நடமாட்டம்.

சூரியன் நகர நகர மாடிக் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் திருப்பினேன். மற்ற நாட்களில் அக்கா தானாகவே அந்த வேலையை எடுத்துக்கொண்டார். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, கருவாட்டையும் பார்த்துக்கொண்டு, அறைக்குள்ளிருந்து என் மனைவி குரல் கொடுத்தால் கண்ணாடியை ஒரு விரல் திருப்புவார். "இந்த சூரியன் ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது நைனா" என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டார், ஏதோ சொன்ன பேச்சுக் கேட்காத தன் வீட்டு ஆள் போல.

தொல்லை தந்தது ரயில். துறைமுகத்துக்குப் போகும் கூட்ஸ் வண்டி கடக்கும்போது வீடே அதிரும், ஒளிக்கற்றை துள்ளும். வண்டி போய் முடிகிறவரை அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முகத்தில் கோபம் துளியும் இருக்காது. நானாக இருந்தால் ரயில்வேக்காரர்களைத் திட்டித் தீர்த்திருப்பேன்.

ரயிலைவிடப் பெரிய தொல்லை அளவீடுகளில் வந்தது. ஒரு நாள் எடுத்த கணக்கு இன்னொரு நாள் வரவில்லை. அதே கடைக் குங்கிலியம், அதே அளவுக் கட்டை, அதே சூடு, அதே முடுக்கு. ஒரு கட்டை அவள் ஒரு டம்ளர் காப்பி குடித்து முடிப்பதற்குள் இருண்டுவிடும். இன்னொன்று காலையில் வைத்தால் மத்தியானம்வரை சிவப்பிலேயே நிற்கும். தன் கையில்தான் பிசகு என்று நினைத்தாள். தெர்மாமீட்டரை மாற்றினாள். திருகுப் பிடியைச் சந்தேகப்பட்டாள், அதன் வழியாக என்னையும் கொஞ்சம் சந்தேகப்பட்டாள். அப்பாவிடம் போய், எல்லா மூட்டையும் ஒரே இடத்திலிருந்து வந்ததா என்று விசாரித்தாள். ஒரே மூட்டைச் சரக்கை மட்டும் எடுத்துச் செய்தும் அப்படியேதான் வந்தது. மழைக்காலம் வந்தது, வெயில் போயிற்று. அறையைப் பூட்டினாள். இதற்குமேல் எனக்கு வராது என்று அவள் என்னிடம் சொன்னது வாழ்நாளில் அந்த ஒருமுறைதான்.

அப்போதுதான் அக்காவின் தம்பிக்கு அடிபட்டது. அவர் தண்டையார்பேட்டையில் ஓர் எண்ணெய் மில்லில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தார். பாய்லருக்குள் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட வெளியே ஒரு கண்ணாடிக் குழாய் பொருத்தியிருப்பார்கள். அது வெடித்துவிட்டது. கன்னத்தில் ஆழமான வெட்டு, கழுத்தில் வெந்நீர்க் காயம். கண் தப்பியது. கட்டுப் போட்டுக்கொண்டு அக்கா வீட்டில் வந்து படுத்திருந்தார். பார்க்கப் போனோம். புதிதாக வாங்கின குழாய்தான், அதே பெட்டியிலிருந்து ஏற்கெனவே சில உடைந்திருக்கின்றன, ஆனால் தன் கவனக்குறைவுதான் என்று சொல்கிறார்கள் என்றார்.

என் மனைவி அந்தப் பெட்டியில் மீதிக் குழாய் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. மில்லில் அவருக்கு வேண்டியவர்கள் இரண்டு மூன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பூட்டிய அறையைத் திறந்தாள். வெயில் இல்லாததால் ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கைப் பலகைக்கு வெளியே வைத்து, குழாயின் வளைவில் ஒளி சிதறாமலிருக்க அதை மண்ணெண்ணெய் ஊற்றிய அதே தொட்டியில் படுக்கவைத்து, பட்டகத்தின் வழியாகப் பார்த்தாள். பிறகு தள்ளி நின்று அக்காவின் தம்பியைப் பார்க்கச் சொன்னாள். நல்ல கண்ணாடியாக இருந்தால் இருட்டாகத்தான் இருக்க வேண்டும். குழாயின் ஓரங்கள் நெடுக வெளிச்சக் கோடு எரிந்துகொண்டிருந்தது. ஓரிடத்தில் மஞ்சள்கூட இருந்தது.

அவர் நெடுநேரம் பார்த்தார். "இத்தினி நாளு இத்தையா மூஞ்சாண்ட வெச்சிகினு நின்னேன்?" என்றார்.

"உங்க மேல தப்பு இல்லண்ணா" என்றாள் அவள். "ஆற வைக்கும்போது அவசரப்பட்டிருக்காங்க. மேல் பக்கம் முதல்ல இறுகிடுச்சு. உள் பக்கம் இன்னும் இழுத்துக்கிட்டே இருக்கு."

குழாய் செய்த தொழிற்சாலை திருவொற்றியூரில் இருந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் பட்டகத்தையும் கரி பூசிய கண்ணாடியையும் தொட்டியையும் கூடையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனோம். மேனேஜர் எங்களை உட்காரச் சொன்னார். மரியாதையான மனிதர்தான், ஆனால் கேள்வியெல்லாம் என்னைப் பார்த்தே கேட்டார். பதிலெல்லாம் அவளிடமிருந்து வந்தது. மூன்றாவது நான்காவது பதிலில் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

அவருடைய கிடங்கிலிருந்தே குழாய்களைக் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொன்றாகத் தொட்டியில் வைத்துப் பார்த்து, நல்லதை ஒரு பக்கமும் கெட்டதை ஒரு பக்கமுமாக அடுக்கினாள். மேனேஜர் கெட்ட பக்கத்திலிருந்து ஒன்றை எடுத்து மேஜை விளிம்பில் தட்டினார். உடையவில்லை. கொதிக்கிற வெந்நீரில் முக்கச் சொன்னார். அப்போதும் உடையவில்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவள் மட்டும் அப்படியே நின்றாள்.

"உடனே உடையும்னு நான் சொல்லல சார். உள்ள இழுவை இருக்குன்னு சொன்னேன். அது கண்ணால பார்த்தது. எப்ப உடையும்னு எனக்குத் தெரியாது."

அந்தத் தெரியாது என்ற வார்த்தையை அவள் சொன்ன விதம்தான் மேனேஜரை மாற்றியது என்று நான் நினைக்கிறேன். சிரித்தவர்களைப் பார்த்துக் கையமர்த்தினார். அடுக்கியதை அப்படியே தனி அறையில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டு, எங்களை உள்ளே கூட்டிப்போய் வேலை நடக்கும் இடத்தைக் காட்டினார். உலையிலிருந்து வந்த குழாய்கள் ஒரு நீண்ட செங்கல் சுரங்கத்துக்குள் தட்டுத் தட்டாக நகர்ந்தன. ஒரு முனையில் சூடு அதிகம், மறுமுனைக்குப் போகப் போகக் குறையும். அந்தச் சுரங்கத்துக்குள் கண்ணாடி ஆறுகிற நேரம்தான் எல்லாம் என்றார் அவர். மெதுவாகப் போனால் இழுவை தளர்ந்துவிடும். தேவை அதிகமானதால் சமீபத்தில் வேகத்தைக் கூட்டியிருந்தார்கள். அதை அவர் மறைக்கவில்லை.

சுரங்கத்தின் வாயில் என் மனைவி அசையாமல் நின்றாள். அந்தச் சூட்டில் எனக்கு வியர்த்து ஊற்றியது. போகலாமா என்று இரண்டு முறை கேட்டேன். பிறகு அவளே வெளியே வந்தாள். பஸ் நிறுத்தத்தில் என்னிடம் சொன்னாள்:

"நான் கட்டைக்கு என்ன சூடு, என்ன அளவு, எவ்வளவு முடுக்குன்னு எல்லாம் கேட்டேன். நீ எப்பப் பொறந்தேன்னு கேக்கவே இல்லைங்க."

எனக்கு உடனே புரியவில்லை. பஸ்ஸில் விளக்கினாள். அவள் கட்டைகளை மொத்தமாக வார்த்து அலமாரியில் வைத்துக்கொள்வாள், தேவைக்கு ஒன்று எடுப்பாள். ஒன்று நேற்று வார்த்ததாக இருக்கும், ஒன்று இரண்டு மாதத்துக்கு முந்தியதாக இருக்கும். எல்லாம் ஒன்றுதான் என்று எண்ணியிருந்தாள். குங்கிலியம் ஆறி இறுகிய பிறகும், ரயில் கேட்டுக் கூட்டம் மாதிரி, உள்ளுக்குள் மெல்ல மெல்ல நெருங்கி உட்கார்ந்துகொண்டே இருந்தால்? புதுக் கட்டையில் இடம் இருக்கும், அதனால் வளைத்ததைச் சீக்கிரம் மறக்கும். பழைய கட்டையில் நெருக்கம் அதிகம், அதனால் மறக்க நாளாகும். அவள் எடுத்த அளவுகள் ஒன்றுகூடத் தப்பில்லை.

தைப் பொங்கல் கழிந்து வெயில் திரும்பியதும் வேலையைத் தொடங்கினாள். எல்லாக் கட்டையிலும் வார்த்த தேதியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டினாள். அவள் நினைத்தபடியேதான் வந்தது. எவ்வளவு பழையதோ அவ்வளவு மெதுவாக நிறம் மாறியது. அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. இருப்பதிலேயே பழைய கட்டையை எடுத்து, உருக்கி, மறுபடி அதே அச்சில் ஊற்றினாள். அடுத்த நாள் அதை வளைத்தாள். பச்சை, நீலம், ஊதா, சிவப்பு, மஞ்சள் என்று ஓட்டமாக ஓடி இருண்டுபோனது. நேற்றுப் பிறந்த கட்டையாகவே ஆகிவிட்டிருந்தது. அவள் இருட்டறைக் கதவைத் திறந்துகொண்டு வந்து, மாடியில் கண்ணாடி திருப்பிக்கொண்டிருந்த எங்கள் இருவரையும் பார்த்து, "உருக்கினா வயசு போயிடுது" என்றாள்.

அக்கா என் பக்கம் திரும்பி, "நம்மளயும் உருக்கச் சொல்லு நைனா" என்றார்.

பேராசிரியரைப் போய்ப் பார்த்தாள். நானும் உடன் போனேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, குங்கிலியத்தில் இயற்கையாக உள்ள எண்ணெய்ப் பசை நாளாக ஆக ஆவியாகிப் போகும், அதனால்தான் பழையது கெட்டிப்படுகிறது, இதில் புதிதாக ஒன்றுமில்லை என்றார். நியாயமான சந்தேகம்தான். எனக்கு மனம் விழுந்துவிட்டது. அவள், ஆவியாகிப் போனது உருக்கினால் திரும்பி வருமா சார் என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. மாணவி கேட்கிற மாதிரியேதான் கேட்டாள். அவர் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். பிறகு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வரலாமா என்றார்.

வந்தார். கோட்டும் தலைப்பாகையுமாக எங்கள் குறுகலான மாடிப்படியை அவர் ஏறி வந்ததை அந்தத் தெருவே வேடிக்கை பார்த்தது. கருவாட்டு வாடைக்கு அவர் முகம் சுளிக்கவில்லை. இருட்டறையில் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். பழைய கட்டை, புதுக் கட்டை, உருக்கி வார்த்த கட்டை மூன்றையும் மாற்றி மாற்றி வைக்கச் சொல்லிப் பார்த்தார். எது எது என்று அவரிடம் சொல்லாமல் வைக்கச் சொன்னார். நிறம் ஓடுகிற வேகத்தைக் கொண்டு அவரே சொன்னார், மூன்றையும் சரியாகச் சொன்னார். நடுவில் கூட்ஸ் வண்டி போயிற்று. ஒளி துள்ளியதும் அவர் திடுக்கிட்டு எழுந்தார். அவள், இப்ப நின்னுடும் சார் என்றாள். அந்த அதிர்வுக்கு நடுவில் இத்தனை அளவுகளையும் இவள் எடுத்திருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். வண்டி கடந்து முடிந்த பிறகும் கொஞ்சநேரம் நின்றுகொண்டே இருந்தார்.

"எழுதுங்கம்மா" என்றார். "என் பேர் வேண்டாம். உங்க பேர்ல எழுதுங்க."

எழுதினாள். மகள் தூங்கும் பகல் நேரங்களில் எழுதினாள். படங்களை நான் வரைந்தேன். வாழ்க்கையில் நான் வரைந்தவற்றிலேயே கவனமாக வரைந்தவை அவைதான். கட்டுரை வெளிவந்தது. ஊர் ஒன்றும் திரண்டு வந்துவிடவில்லை. வெளிநாட்டிலிருந்து ஒருவர் மட்டும் தன் பொருளிலும் இப்படித்தான் நடக்கிறதா என்று பார்க்கப்போவதாக எழுதியிருந்தார். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. தான் சொன்னதை வேறொருவர் வேறோர் ஊரில் சோதித்துப் பார்ப்பதைவிடப் பெரிய மரியாதை கிடையாது என்று சொன்னாள்.

தொழிற்சாலையில் பூட்டிவைத்த குழாய்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கெட்ட பக்கத்தில் அடுக்கியிருந்தவற்றில் சில, யாரும் தொடாமலே அறைக்குள் வெடித்துக் கிடந்தனவாம். அதைச் சொல்ல மேனேஜரே பட்டறைக்கு வந்து என்னைப் பார்த்தார். சுரங்கத்தின் வேகத்தைக் குறைத்துவிட்டதாகவும், மில்லுக்குப் புதுப் பெட்டி அனுப்பியிருப்பதாகவும் சொன்னார். தவறு குழாயில்தான் என்று மில்லுக்கு எழுதியும் கொடுத்திருந்தார். அக்காவின் தம்பி பழையபடி பாய்லர் வேலைக்குப் போனார். கன்னத்தில் தழும்பு நின்றுவிட்டது. புதுக் குழாய் எதைப் பொருத்துவதானாலும் முதலில் எங்கள் வீட்டுக்கு எடுத்துவந்து அவள் பார்த்துச் சொன்ன பிறகே பொருத்துவார். மில்லுக்கு அது தெரியுமா என்று நாங்கள் கேட்டதில்லை.

அடுத்த ஆண்டு பேராசிரியர் துறைத் தலைவரானார். அவர் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, அவளுக்கு ஓர் அறையும் வேலையும் தந்தது. இரண்டு கைரிக்ஷாவில் சாமான்களை ஏற்றி அனுப்பிவிட்டு நாங்கள் பஸ்ஸில் போனோம். கீழ்த்தளத்தில் அறை. தடித்த சுவர், அதிர்வே கிடையாது. தண்ணீர்க் குழாய், கரும்பலகை, பூட்டுள்ள அலமாரி. அவள் வாசலிலேயே கொஞ்சம் நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

முதல் நாள் அவள் எந்த அளவும் எடுக்கவில்லை. குங்கிலியத்தை உருக்கி ஒரு தட்டு நிறையக் கட்டைகளாக வார்த்தாள். ஆறியதும் அலமாரியின் கடைசித் தட்டில் அடுக்கினாள். அறைப் பணியாளரைக் கூப்பிட்டு, இதை யாரும் தொடக் கூடாது, பத்து வருஷம் கழித்துத்தான் எடுப்பேன் என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையசைத்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் பாரிமுனைவரை உட்கார இடம் இல்லை. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, பத்து வருஷத்துக்குப் பிறகு அந்தக் கட்டைகளை எந்தெந்த வருஷம் எடுத்துப் பார்க்கலாம் என்று என்னிடம் யோசனை கேட்டுக்கொண்டே வந்தாள். அப்போது அவளுக்கு முப்பது வயது ஆகவில்லை.